ஜீப் எஞ்சினில் பெல்ட் லைன் பிடிப்பது: டைனமோவைக் கடைசியாகத் தொடுங்கள்

பழைய ராணுவ ஜீப் எஞ்சினைப் பிரித்துக் கட்டி முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் பெல்ட் கீச்சிட்டால், எல்லோருடைய கையும் நேரே டைனமோவுக்குத்தான் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) போகும். இரண்டு வாஷர் சொருகினால் முன்னே பின்னே நகர்கிறதே, வேலை சுலபம். ஆனால் கோளாறு பெரும்பாலும் கிராங்கிலோ வாட்டர் பம்பிலோ இருக்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு டைனமோவை அதற்கேற்பத் தள்ளி வைத்தால் சத்தம் குறையலாம். பேரிங் மட்டும் சீக்கிரம் போகும்.

இங்கே பேசுவது வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளின் 134 கன அங்குல எஞ்சினைப் பற்றி. ஒரே பெல்ட், மூன்று புல்லி: கீழே கிராங்க், மேலே ஃபேனோடு சேர்ந்த வாட்டர் பம்ப், பக்கத்தில் டைனமோ. மூன்றும் எஞ்சினிலேயே உட்கார்ந்திருப்பதால், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் தொய்ந்தாலும் பெல்ட் லைன், அதாவது மூன்று புல்லியும் ஒரே நேர்கோட்டில் நிற்பது, மாறாது. ஃபேன் ரேடியேட்டரில் உரசலாம், அது வேறு கதை.

முதலில் இது லைன் கோளாறுதானா என்று பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் பக்கவாட்டில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் சில நொடி அடங்கித் திரும்ப வந்தால் லைன் சரியில்லை. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. அடுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட் காடிக்குள் (புல்லியில் பெல்ட் ஓடும் பள்ளம்) எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். இந்த ஜீப்பின் புல்லிக் காடி இன்றைய கார்களுடையதைவிட அகலமானது. மெல்லிய பெல்ட்டைப் போட்டால் அது அடியில் போய் உட்காரும். பெல்ட்டின் அடிப்பக்கமோ காடியின் தரையோ பளபளவென்றிருந்தால் அதற்கு அதுவே சாட்சி. V பெல்ட் பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். அடியைத் தொட்டால் வழுக்கும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. சரியான பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு சமமாகவோ ஒரு நூல் மேலேயோ நிற்கும். காடிச் சுவர் உள்வாங்கித் தேய்ந்திருந்தாலும் இதே கதிதான்: சுவரில் நேரான தகட்டை வைத்து 0.8 மி.மீ. பள்ளம் தெரிந்தால் புல்லியை மாற்றுங்கள்.

பிறகு ஆட்டம், அதாவது சுற்றும்போது புல்லி பக்கவாட்டில் அசைவது. பிளக்குகளைக் கழற்றி, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, பெல்ட்டையும் இறக்கி, கைக்கிராங்கால் எஞ்சினைச் சுற்றுங்கள். கிராங்க் புல்லி விளிம்பின் பக்கவாட்டில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வையுங்கள். 0.5 மி.மீ.க்குள் ஓடினால் நல்லது. 1 மி.மீ. தாண்டினால் அதைச் சரி செய்யும் வரை வேறு எதையும் அளப்பதில் அர்த்தமில்லை. லைன் பார்க்கப் புல்லியில் ஸ்கேலை வைக்கும் இடத்துக்கு இடம் கணக்கு மாறும். பம்ப் புல்லியையும் டைனமோ புல்லியையும் கையால் சுற்றி இதே மாதிரி பாருங்கள்.

தகட்டுப் புல்லி கோணலாவதற்கு முக்கியக் காரணம், யாரோ எப்போதோ இரண்டு ஸ்க்ரூடிரைவரை விளிம்புக்குள் விட்டு நெம்பியது. விளிம்பில் கொக்கி மாட்டும் புல்லரும் அதே வேலையைச் செய்யும். ஹப்பை, அதாவது நடுப்பகுதியை, பிடித்து இழுக்கும் புல்லரைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னொரு காரணம் பெயிண்ட். ரெஸ்டோரேஷன் என்றால் எல்லாவற்றுக்கும் தடிமனாக அடித்துவிடும் ஆசை வரும். 60 மி.மீ. ஹப்பின் ஒரு ஓரத்தில் 0.2 மி.மீ. பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தால், 150 மி.மீ. புல்லியின் விளிம்பில் அது 0.5 மி.மீ. ஆட்டமாக வரும். ஹப்பும் புல்லியும் ஒன்றையொன்று தொடும் முகங்களில் வெற்று உலோகம்தான் இருக்க வேண்டும்.

ஆட்டம் போனபின் கிராங்க். இதை நகர்த்த வழியில்லாததால் மற்ற இரண்டுக்கும் இதுவே அளவுகோல். ஆனால் புல்லி நிற்கும் இடத்தை அதற்குப் பின்னால் அடுக்கியிருப்பவைதான் முடிவு செய்கின்றன: ஷிம்கள் (மெல்லிய இடைத்தகடுகள்), திரஸ்ட் வாஷர், டைமிங் ஸ்ப்ராக்கெட், ஆயில் ஸ்லிங்கர், அப்புறம் புல்லி, அதை இறுக்கும் கைக்கிராங்க் பல் நட்டு. ஸ்லிங்கர் என்ற, எண்ணெயைச் சீலிலிருந்து வீசித் தள்ளும் தட்டுபோன்ற வளையத்தை, ஒன்றுக்கும் உதவாதது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விட்டால் அதன் தடிமன் அளவுக்குப் புல்லி பின்னே போகும், கூடவே முன் சீலில் எண்ணெய் கசியும். அதனால் கிராங்க் புல்லி பின்தங்கி, சீலும் ஒழுகினால் முதலில் ஸ்லிங்கரைத் தேடுங்கள்.

கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.004 முதல் 0.006 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஏறக்குறைய 0.10 முதல் 0.15 மி.மீ. இதை மாற்றுவது அந்த ஷிம்கள்தான். சோதிக்கச் சுலபமான வழி: ஐடிலில் கிளட்சை மிதியுங்கள். மிதிக்கும்போது கிராங்க் முன்னே தள்ளப்படும். அந்த நேரத்தில் மட்டும் பெல்ட் சத்தம் மாறினால், ஷிம்மைப் பார்க்காமல் புல்லியைப் பார்த்துப் பயனில்லை.

அடுத்தது வாட்டர் பம்ப். ரீகண்டிஷன் செய்த பம்பில் அடிக்கடி நடக்கும் தவறு, ஹப்பை ஷாஃப்டில் கூடுதலாகவோ குறைவாகவோ பிரஸ் செய்வது. பழைய பம்பைப் பிரிப்பதற்கு முன் கேஸ்கெட் முகத்திலிருந்து ஹப் முகம் வரை உள்ள தூரத்தை டெப்த் கேஜால் அளந்து எழுதி வையுங்கள். அளவு கையில் இல்லையென்றால் பம்பை எஞ்சினில் மாட்டி, புல்லியைப் போட்டு, கிராங்கோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடலாம். ஹப்பை அழுத்தும்போது ஷாஃப்டின் பின்முனைக்கு முட்டுக் கொடுங்கள். பாடிக்கு முட்டுக் கொடுத்தால் பேரிங்கோடு ஷாஃப்ட்டே பின்னே நகர்ந்து இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) உரசும். ஹப் அதிகமாக இறங்கிவிட்டால், லேத்தில் இரண்டு முகமும் இணையாகக் கடைந்த ஒற்றை ஸ்பேசர் வளையம் போடலாம். போல்ட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி வாஷர் போட்டால் அங்கேயே ஆட்டம் பிறக்கும். ஸ்பேசர் போட்டால் ஃபேனும் முன்னே வரும் என்பதால் ரேடியேட்டர் இடைவெளியையும் பாருங்கள்.

அளப்பது எப்படி என்பதில்தான் பலர் கவிழ்கிறார்கள். 600 மி.மீ. நேர் ஸ்கேலைப் புல்லி முகத்தில் ஒட்டி வைத்து, மற்றதும் தொட்டால் லைன் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு புல்லியின் அகலமும் ஒன்றாக இருந்தால்தான் அது செல்லும். சேர வேண்டியது முகங்கள் அல்ல, காடிகளின் மையங்கள். கிராங்க் புல்லி மொத்தம் 22 மி.மீ. அகலம், மையம் 11-ல். டைனமோ புல்லி 18, மையம் 9-ல். ஸ்கேல் கிராங்க் புல்லியை ஒட்டியிருக்கும்போது டைனமோ பக்கம் 2 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் லைன் சரி! காடி ஒரு பக்கம் தள்ளி இருக்கும் புல்லியில், விளிம்பிலிருந்து காடியின் இரு ஓரங்களையும் தனித்தனியே அளந்து மையம் காணுங்கள்.

V பெல்ட்டுக்கு அரை டிகிரி வரை பொறுக்கும் என்பது பொது விதி. மீட்டருக்குச் சுமார் 8.7 மி.மீ.; மையங்களுக்கு இடையே 250 மி.மீ. என்றால் 2 மி.மீ.க்குச் சற்றே மேல். கட்டும்போது 1 மி.மீ.க்குள் பிடித்துவிடுங்கள், மிச்சத்தைத் தேய்மானத்துக்கு விடலாம்.

டைனமோ இப்போதுதான். அதன் இரண்டு காதுகளும் பிராக்கெட்டில் எப்படி உட்கார்கின்றன என்று பாருங்கள். முன் காதில் 1.5 மி.மீ. வாஷர் சேர்த்தால் பின்னால் அதே அளவை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது காது வளையும், வார்ப்பாக இருந்தால் உடையும். தட்டையான எஃகு வாஷர் போதும். ஸ்பிரிங் வாஷரை இடைவெளி நிரப்பப் போடாதீர்கள். பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்குவது இன்னும் மோசம்.

பெல்ட் இல்லாமல் அளந்தபோது கச்சிதமாக இருந்தது, மாட்டி இறுக்கியதும் கோணலாகிறது என்றால் காதுகளின் துளை ஓவலாகியிருக்கும். டென்ஷன் கை டைனமோவின் முன்பக்கத்தை மட்டுமே பிடித்து இழுப்பதால், பின்பக்கம் லூஸாக இருந்தால் முழு டைனமோவும் திரும்பிவிடும். துளையைப் பெரிதாக்கிப் புஷ் அடித்து, இரண்டு காதுக்கும் ஒரே நீண்ட ரீமரை (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) விட்டு ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். எம்பியின் டென்ஷன் கையில், ஆழமான தண்ணீரைக் கடக்கும்போது பெல்ட்டைச் சட்டென்று தளர்த்த ஸ்பிரிங் வைத்த பிடி இருக்கும். அந்தப் பிடியின் முளை (pin) தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும்.

1950களின் எம்38 ஜீப் 24 வோல்ட், எம்பி 6 வோல்ட். ஒன்றின் டைனமோவையும் மற்றதன் கிராங்க் புல்லியையும் கலந்து கட்டிய எஞ்சின்களில் லைன் தானாக வராது. ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தாலும் அப்படித்தான். அங்கே வாஷர் சொருகுவதை விட, சரியான ஆஃப்செட் உள்ள (காடி தேவையான அளவு தள்ளி அமைந்த) புல்லியைத் தேடுவதே மேல்.

டென்ஷனுக்கு, ஃபேன் புல்லிக்கும் டைனமோவுக்கும் நடுவே விரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் 1 அங்குலம் இறங்க வேண்டும். இன்றைய கார் பழக்கத்தில் அரை அங்குலத்துக்கு இறுக்கிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மூன்று புல்லியையும் மறுபடி அளந்து போல்ட்டுகளை இறுக்குங்கள். பிறகு டைனமோ புல்லியைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். கருப்புத் தூள் ஒரே பக்கத்தில் மட்டும் வந்தால், பெல்ட் அந்தப் பக்கச் சுவரை இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறது.