ஆறாம் சீட்டில் விழுந்த நிலம்

கலிலேயாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஒரே வரிசைதான்: மலைப்பிரசங்க மலை, தப்கா, கப்பர்நகூம், படகுச் சவாரி, மீன் சாப்பாடு, மறுபடியும் பஸ். எங்கள் சபைக் குழுவும் அப்படித்தான் போனது. நான் கூடுதலாகச் செய்தது ஒன்றே ஒன்று, யோசுவா 19-ஐ மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். கானான் தேசத்தை இஸ்ரவேல் கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டபோது ஆறாம் சீட்டு நப்தலி கோத்திரத்தாருக்கு விழுந்ததாகத் தொடங்கி, அப்புறம் வெறும் ஊர்ப் பெயர்களாகவே போகும் பகுதி அது. வீட்டு ஜெபத்தில் யாரும் அதை வாசிக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த மண்ணிலேயே போய்க்கொண்டு வாசித்தால் கின்னரேத் ஏரிக்கரை, ராமா மலையடிவாரம், ஆத்சோர் பள்ளத்தாக்கு என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு வகை நிலமாக முன்னால் வந்து நிற்கிறது.

முதலில் தெரிவது ஏற்ற இறக்கம். மேரோன் மலை 1,208 மீட்டர் உயரம், கலிலேயாக் கடலோ (கின்னரேத் ஏரியும் இதுதான்) கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே, இரண்டுக்கும் நேர்த்தூரம் 25 கிலோமீட்டர்கூட இல்லை. மேலே ஸ்வெட்டர் வேண்டும், இறங்க இறங்கக் காது அடைக்கும், கரையில் பஸ் கதவு திறந்ததும் வியர்க்கும். ஒரே கோத்திரத்தின் காணியாட்சியில் மேலே ஒலிவமும் திராட்சையும், கீழே பேரீச்சையும் மீனும். ராமாவைச் சுற்றி இன்றும் ஒலிவத் தோப்புகள்தான். நப்தலி கர்த்தருடைய தயவினால் திருப்தியாவான் என்று மோசே ஆசீர்வதித்ததற்கு இதைவிட விளக்கவுரை வேண்டுமா? சாலொமோன் காலத்தில் அரமனைக்கு வருஷத்தில் ஒரு மாதம் உணவு அனுப்பும் பொறுப்பும் இந்த நாட்டுக்கு இருந்தது, அகிமாஸ் என்பவர் அதற்கு அதிகாரி.

ஏரியின் வடமேற்குக் கரையில் உள்ள கெனேசரேத் சமவெளி சின்னதுதான், ஆனால் அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்தால் எந்த விவசாயிக்கும் கை பரபரக்கும். முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இங்கே திராட்சையும் அத்தியும் வருஷத்தில் பத்து மாதம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். இப்போது வாழையும் மாமரமும் நிற்கின்றன, வாழைக்கு மேலே வலைப்பந்தல் கட்டியிருக்கிறார்கள். மதியம் தட்டில் வந்த பேதுரு மீனும் நம்மூர் ஜிலேபிக் கெண்டையின் சொந்தம்தான், முள் மட்டும் பார்த்துச் சாப்பிடவேண்டும்.

கப்பர்நகூமில் எல்லாரும் ஜெப ஆலயத்து வெள்ளைத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, எனக்குப் பக்கத்தில் கிடந்த திரிகைக் கற்கள்தான் பிடித்துப்போயின. எரிமலைக் கறுங்கல், உடம்பு முழுக்கப் பொடிப் பொடிக் குழிகள். தேயத் தேயப் புதுக் குழிகளின் விளிம்பு வெளியே வருமாம், அதனால் நம் அம்மியைப் போல அடிக்கடி கொத்த வேண்டியதில்லை. இங்கே மீன் மட்டுமல்ல, தானியமும் எண்ணெயும் புழங்கியிருக்கின்றன, பக்கத்திலேயே ஒலிவச் செக்கும் இருக்கிறது.

குழுவில் ஒரு அக்கா கேட்டார்: "ஐயா, ஆண்டவர் நாசரேத்தை விட்டுட்டு ஏன் இந்த ஊருக்கு வந்து தங்கினாரு?" போதகர் ஐயா மத்தேயு 4-ஐ வாசித்தார். இருளில் இருக்கும் நப்தலி நாட்டு ஜனங்கள் வெளிச்சத்தைக் காண்பார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறும்படி என்று அதிலேயே பதில் இருக்கிறது. எனக்கு நிலமும் அதே பதிலைச் சொன்னதாகத்தான் பட்டது. விளைச்சலும் மீனும் உள்ள இடத்தில் சந்தை இருக்கும், சந்தைக்கு வழி இருக்கும், வரி வசூலிக்கும் ஆயத்துறையில் மத்தேயு உட்கார்ந்திருந்ததும் அதனால்தானே. அதே வழியில்தான் கி.மு. 732 வாக்கில் அசீரியா ராஜா திகிலாத்பிலேசர் வந்து நப்தலி தேசம் முழுவதையும் பிடித்து ஜனங்களைச் சிறையாகக் கொண்டுபோனார். முதலில் அடிபட்ட தேசத்துக்கே முதலில் வெளிச்சம் வந்தது என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை.

வடக்கே ஊலே பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் ஏரியும் நாணற்காடுமான சதுப்பு. அதனால்தான் நப்தலியின் பழைய நகரங்களான ஆத்சோரும் கேதேசும் நடுவில் இல்லாமல் மேற்கு ஓரத்து மேட்டில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். 1950-களில் சதுப்பை வடித்து வயலாக்கினார்கள். காய்ந்த கரிமண் தீப்பிடித்தது, நிலம் தாழ்ந்தது, கடைசியில் 1994-ல் ஒரு பகுதியில் மறுபடியும் தண்ணீர் விட்டார்கள், இப்போது குளிர்காலத்தில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன.

போகிறவர்கள் ஆத்சோரையும் பயணத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள், இல்லையென்றால் பஸ் நிற்காது. இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் ராஜா காலத்தது என்று சொல்லும் தண்ணீர்க் குடைவு சுமார் 40 மீட்டர் ஆழம் இறங்குகிறது. முற்றுகை போட்டாலும் ஊருக்குள்ளேயே தண்ணீர் எடுக்க வெட்டியது. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம், ஏறி வரும்போதுதான் கஷ்டம்.