பினாங்குக் கொடிமலைக்கு நடந்தே போனோம், முட்டி இன்னும் வலிக்கிறது

முதலில் அந்த டாக்சி டிரைவரைத் திட்டிவிடுகிறேன். கிள்ளானிலிருந்து ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து, ஃபெரி ஏறி பினாங்கில் இறங்கினால், "தண்ணீர்மலைப் பக்கம் பஸ்ஸே கிடையாதுண்ணே" என்று சத்தியம் செய்து 40 வெள்ளி (ரிங்கிட்) கறந்துவிட்டார். பாதி வழியில் 10ஆம் எண் பஸ் எங்களை முந்திப் போனது. தண்ணீர்மலையில் இருக்கிற தாவரவியல் பூங்காவுக்குப் போகிற பஸ்! தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

சரி, மலைக்கு வருவோம். பூங்கா வாசலுக்குச் சற்று முன்னால் வட்டமாக ஒரு வெள்ளை வளைவு நிற்கும். அதுதான் மூன் கேட், மலைப்பாதையின் வாசல். நுழைந்ததும் படி, வேர், மறுபடியும் படி. காட்டு நிழல் இருப்பதால் வெயில் தெரியாது, வியர்வைதான் சட்டையைப் பிழிய வைக்கும். மூச்சு முட்டுகிற நேரத்தில் '84' என்கிற ஓய்விடம் வந்தது. தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே குடித்த சூடான தே ஓவுக்கு (பால் இல்லாத தேநீர்) ஈடாக எந்தக் கடையும் கிடையாது. உண்டியலில் 5 வெள்ளி போட்டேன், மனதாரத்தான்.

அதற்கு மேல் ஜீப் போகிற தார்ச்சாலை. அழகும் இல்லை, இரக்கமும் இல்லை, ஒரே ஏற்றம். 1923இல் மலை ரயில் வருவதற்கு முன் துரைமார்கள் டோலியில் உட்கார்ந்து இந்த மலைக்கு வந்தார்களாம். என் பாரத்தையே சுமக்க முடியாத எனக்கு, டோலி தூக்கியவர்களின் தோள்தான் நினைவுக்கு வந்தது.

ரயில் நிற்கும் இடத்தையே உச்சி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். 833 மீட்டர் உச்சி அதற்கும் மேலே, மேற்கு மலையில். தம்பி "நீ போய்ட்டு வா, நான் சாமி கும்பிட்டுக்கிறேன்" என்று முருகன் கோயிலில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்துவிட்டேன் என்பதை மறைப்பானேன்? ஜார்ஜ்டவுன், பாலம், கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் எல்லாம் தெரிந்தன. அப்புறம் மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மேலே ஒரு கடையில் மைலோ ஐஸுக்குச் சொன்ன விலையைக் கேட்டுத் தண்ணீர் போதுமென்று நகர்ந்தோம்.

இறங்க ரயில்தான். முன்பு நடுவழியில் வண்டி மாற வேண்டும், அரைமணி ஆகும். 2011இல் புது வண்டி வந்தபின் சில நிமிடந்தான். அடிவாரத்து ஆயர் ஈத்தாமில் லக்சா சாப்பிட்டோம், புளிப்பான மீன் குழம்பில் நூடுல்ஸ். கெம்புங் (கானாங்கெளுத்தி) மீன், புளி, புதினா, அன்னாசி, மேலே கறுப்பாக இறால் சாறு. தம்பி இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டு, அந்த 40 வெள்ளிக்கு எத்தனை கிண்ணம் வந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். 204ஆம் எண் பஸ் வரும்வரை எண்ணினான்.