பட்ஜெட் வரைக்கும்

2025 அக்டோபர் 30, வியாழன்

நவம்பர் 26 பிரிட்டன் பட்ஜெட். இவருக்கு அந்தக் காலத்தில் சம்பளத்தைக் கடன் என்ற பெயரில் கொடுத்தார்கள், அதற்கு இப்போது வரித்துறை வரி கேட்கிறது. லோன் சார்ஜ் என்று பேர். அதை மறுபடி ஆராய்ந்த மெக்கான் அறிக்கைக்கு அரசாங்கத்தின் பதிலும் பட்ஜெட்டோடு வந்துவிடுமாம். இவர் நம்பவில்லை. "2019ல மோர்ஸ் அறிக்கை வந்தப்பவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

2010 டிசம்பர் 9. இந்தத் தேதி என் தலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதற்கு முன்னால் வாங்கிய கடன்களுக்கு இந்த வரி வேண்டாம் என்று மோர்ஸ் 2019இல் எழுதிக் கொடுத்தார், அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. இவர் அந்தக் கடன்-சம்பள ஏற்பாட்டில் சேர்ந்தது 2010 அக்டோபர். இரண்டு மாதக் காசு தப்பியது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மாட்டிக்கொண்டது. அந்த டிசம்பரில் ஊரே பனியில் முடங்கிக் கிடந்தது, பாப்பாவுக்கு ரெண்டு வயசு. ஒன்பதாம் தேதி நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். சமைத்திருப்பேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பழைய பே-ஸ்லிப்புகளை மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். வாரத்துக்கு 200 பவுண்டு சொச்சம் சம்பளம். அதற்கு வரி கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஐல் ஆஃப் மேன் தீவில் இருக்கும் ஒரு டிரஸ்ட் கொடுத்த "கடன்". திருப்பிக் கேட்கவே மாட்டார்கள் என்று வாய்வார்த்தை. இடையில் நின்ற கம்பெனி 18 சதவீதம் எடுத்துக்கொண்டது. பெரிய வக்கீல் பார்த்துச் சரியென்று சொன்னதாக ஒரு கடிதமும் ஃபைலில் இருக்கிறது, தங்க நிற முத்திரையோடு.

இவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். வரி குறைவாகத்தான் போகிறது என்று தெரியும். ஆனால் கான்ட்ராக்டரையும் சம்பளக்காரர் மாதிரி வரி கட்டச் சொல்லும் ஐஆர்35 விதி வந்ததிலிருந்து கான்ட்ராக்டர்கள் எல்லாருக்குமே பயம். ஏஜென்சிக்காரனே இந்தக் கம்பெனிக்குக் கை காட்டினான். ஆபீஸில் பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள். விற்றவன் கமிஷனை எடுத்துக்கொண்டு கடையை மூடிவிட்டான். 2016இல் அறிவித்த இந்த லோன் சார்ஜ் சட்டம், 2019 ஏப்ரல் 5 அன்று நிலுவையில் இருந்த கடனையெல்லாம் அந்த ஒரே வருட வருமானமாகக் கணக்கெடுத்தது. வருடா வருடம் கேட்டிருந்தால் 40 சதவீதம்தான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டியதில் 1,50,000 பவுண்டைத் தாண்டி, அதற்கு மேல் 45 ஆயிற்று. கேட்கிற தொகையை இங்கே எழுதவில்லை. எழுதினால் ராத்திரி தூக்கம் போகும்.

நவம்பர் 8, சனி

இன்று வந்த கடிதம் வரிக்காரர்களிடமிருந்து அல்ல. அந்த டிரஸ்டின் கடன் பத்திரங்களை யாரோ விலைக்கு வாங்கியிருக்கிறார்களாம். பெயர் கேள்விப்பட்டதே இல்லை. 2010 முதல் 2013 வரை தந்த கடனை வட்டியோடு திருப்பித் தரவேண்டுமாம்.

ஒரு பக்கம், அது கடனே இல்லை, சம்பளம், வரி கட்டு என்கிறார்கள். இன்னொரு பக்கம், அது சம்பளமே இல்லை, கடன், முழுசாகத் திருப்பிக் கொடு என்கிறார்கள். ஒரே காசு. இரண்டு பேரும் சட்டம் பேசுகிறார்கள். இரண்டு பேருக்கும் கொடுத்தால், இவர் மூன்று வருடம் வேலை பார்த்ததற்குக் கையிலிருந்து காசு போட்ட மாதிரி ஆகும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதெப்படிடி ரெண்டு பேரும் கேப்பாங்க?" என்றாள். திருச்சியில் இருக்கிற எழுபத்தைந்து வயதுக்காரிக்கு ஒரு நிமிஷத்தில் தட்டிய கேள்வி.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஒன்றும் வரவில்லை. சாம்பார் நன்றாக வந்தது.

நவம்பர் 15, சனி

வேலை முடிந்து வந்து, காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். முதலில் போன் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால், போன் கையில் இல்லை. இந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

இந்த வரி விவகாரத்தோடு தொடர்புள்ள பத்துத் தற்கொலைகளை வரித்துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. பத்து என்பது எனக்குச் செய்தி மாதிரித் தெரியவில்லை, பத்து வீடு என்றுதான் தெரிகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அவர்கள் கேட்டார்களா, கேட்கப் பயந்தார்களா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொண்டுபோய் விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று என் மாமியார் தலைமுறை நம்பும். நானும் ரெண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் பொறுக்க முடியவில்லை. காரில் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்: "செத்துப்போகணும்னு தோணுதா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. "அந்த அளவுக்கு இல்லம்மா. ஆனா உள்ளே வந்தா உங்க மூஞ்சியப் பாக்கணும்" என்றார். அழுதேன். அவரும். திங்கட்கிழமை ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போக ஒத்துக்கொண்டார். நானும் கூடப் போகிறேன். தனியாகப் போனால் "முதுகு வலி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

நவம்பர் 17, திங்கள்

போனோம். முதுகு வலி என்றுதான் ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

கமலா அக்கா போன். அவர்களுக்கும் இதே வரிதான்; 2020இலேயே வரித்துறையோடு பேசி முடித்துக் கட்டிவிட்டார்கள், வீட்டை விற்று. இப்போது ஸ்லவ்வில் வாடகைக்கு இரண்டு அறை. "நீங்க ஏன் இன்னும் இழுத்துட்டு இருக்கீங்க, கட்டித் தொலைச்சா நிம்மதி" என்று அக்கா எப்போதும் சொல்வார். இன்று சொல்லவில்லை. 26ஆம் தேதி டிவி பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 25, செவ்வாய்

நாளை.

நவம்பர் 26, புதன்

என்ன கூத்து! நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் எழுந்து நிற்கும் முன்னாலேயே பட்ஜெட் கணிப்பு அறிக்கை தவறுதலாக இணையத்தில் வெளியாகிவிட்டது. எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். நம்ம விஷயத்தைத் தேடிப் பிடிக்கச் சாயந்திரமாகிவிட்டது. இவர் சத்தமாக வாசித்தார். தாமத வட்டி போய்விடும். தொகையிலிருந்து இன்னும் 5,000 பவுண்டு கழிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது பாதியாவது குறையும், சிலருக்கு முழுசாகவே போய்விடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நமக்கு முழுசாகப் போகாது. பாதி போகலாம்.

பாப்பா "அப்ப நல்ல செய்திதானே?" என்றாள். இவர் சிரித்தார். ரொம்ப நாளாயிற்று, அந்தச் சிரிப்பைப் பார்த்து. கேசரி கிண்டினேன், முந்திரி இல்லாமல்.

நவம்பர் 27, வியாழன்

இன்று முழுசாக வாசித்தேன். ஏற்கெனவே பேசி முடித்துக் கட்டியவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. ஒரு பென்னிகூட இல்லை.

அக்காவுக்குப் போன் பண்ணவில்லை. என்ன சொல்வது? சொன்னபடி கேட்டு, முதலில் வந்து வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை; இழுத்தடித்த எங்களுக்குப் பாதி தள்ளுபடி. இது எந்த ஊர் நியாயம்? எனக்கு லாபம்தான், ஆனாலும் கேட்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

அக்காவும் பண்ணவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். மழை, காற்று. வாசலில் வைத்த அகல் எதுவும் நிற்கவில்லை, எல்லாவற்றையும் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

இவர் இப்போது காரில் உட்காருவதில்லை. மாத்திரை கொஞ்சம் தூக்கம் தருகிறது. காலையில் எழுப்ப வேண்டியிருக்கிறது, அதற்காக நான் குறை சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 6, சனி

இரண்டாவது கடிதம். கடன் பத்திரம் வாங்கியவர்கள்தான். பட்ஜெட்டாவது மெக்கானாவது, அவர்களுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. பதினாலு நாள் கெடு, இல்லையென்றால் கோர்ட்டாம். பதில் எழுதவும் வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம், முதலில் ஃபைலை அனுப்புங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். திங்கள் பத்தரைக்குப் பார்க்கிறோம்.

2011, 2013 பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வைத்துவிட்டேன். 2012 எங்கே போனது என்று தெரியவில்லை.