பெட்டியில் பட்டம் என்று வைத்திருந்த தாள்

17 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தேன். முழுக்க ஆர்டனன்ஸ் ஸ்டோர், அதாவது ராணுவத் தளவாடக் கிடங்கு வேலை. செகந்திராபாத்தில் பயிற்சி, பிறகு ஜபல்பூர் உட்பட நாலைந்து ஊர்கள். பிளஸ் டூவோடு சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். சிறு தொழிற்சாலைகளுக்கு ஆலோசகராக வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எந்தச் சரக்கு எங்கே தூங்குகிறது, எதை எப்போது வாங்க வேண்டும் என்பதைத்தானே இத்தனை வருடம் பார்த்தேன்? அதற்கு எம்.பி.ஏ. வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பட்டப்படிப்புக்கு இணை என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை லேமினேட் செய்து பெட்டியில் வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு மேலாண்மைக் கல்லூரிக்குப் போன் செய்து, இது செல்லுமா என்று கேட்டேன். “எடுத்து வாருங்கள் சார், பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டினேன். நேர்காணல் நன்றாகவே போனது.

சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் காட்பாடியிலிருந்து மீண்டும் அவ்வளவு தூரம் போனேன். எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதில் பட்டம் எங்கே இருக்கிறது?”

“இணை என்று அரசாங்கமே எழுதியிருக்கிறதே.”

“வேலைக்கு இணை சார். படிப்புக்கு இல்லை.” கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். என் பின்னால் நின்ற பையன்கள் எல்லாம் என்னைவிட மிகவும் இளையவர்கள்.

சொன்ன விதம்தான் வலித்தது, விஷயம் சரி. 1986-ஆம் ஆண்டு விதிப்படி, பத்தாம் வகுப்பு தேறி 15 ஆண்டுகள் பணியாற்றிய முன்னாள் படைவீரர், பட்டம் கேட்கும் மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணியிடங்களுக்கு, அதுவும் நமக்கென ஒதுக்கியவற்றுக்கு, விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான் அதன் எல்லை. எம்.பி.ஏ.வுக்கு உண்மையான பட்டம் வேண்டும். ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வுக்கும் பொதுப்பிரிவில் 50 சதவீத மதிப்பெண்ணோடு பட்டம் கேட்கிறார்கள். போகிற போக்கில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு பற்றியும் கேட்டுப் பார்த்தேன். “அது உங்கள் பிள்ளைகளுக்கு சார்” என்றார். என் மகள் ஏழாம் வகுப்பு. கட்டணம் திரும்ப வரவில்லை. உங்களுக்கு யாராவது போனில் “பார்த்துக்கொள்ளலாம்” என்றால் நம்பாதீர்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

இரண்டு மாதம் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவிதான் ராணிப்பேட்டையில் தோல் பட்டறை நடத்தும் பாய் ஒருவரிடம் என்னை அனுப்பினாள். “எம்.பி.ஏ. படித்தவர்கள் வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போகிறார்கள் தம்பி. என் பணம் எந்த மூலையில் முடங்கிக் கிடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை” என்றார். அன்றைக்குத்தான் எம்.பி.ஏ. ஆசை இறங்கியது. பெரிய ஆலோசனை நிறுவனங்கள் முன்னணிக் கல்லூரிகளின் வளாகத்துக்கே போய் இளைஞர்களை எடுத்துக்கொள்கின்றன. பாய்க்கு வேண்டியது கணக்கு தெரிந்த ஸ்டோர்க்காரன்.

அதனால் தொலைநிலையில் பி.காம்., கூடவே செலவுக் கணக்கியலான சி.எம்.ஏ. என்று முடிவெடுத்தேன். சி.எம்.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பிளஸ் டூ போதும். பட்டம் கையில் இருப்பவர்கள் நேராக இன்டர்மீடியட்டுக்கே போகலாம். அவர்கள் என்னைப்போல் சுற்ற வேண்டியதில்லை.

பி.காம். சேர்க்கைதான் அடுத்த அடி. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் ‘டெப்’ அடையாள எண் வேண்டும். அதை வாங்கும்போது பெயர் பொருந்தாமல் சிக்கினேன். என் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். ராணுவ ஆவணத்தில் அது பெயருக்குப் பின்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. வடக்கே எத்தனையோ கிளார்க்குகளிடம் இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கிச் சலித்தவன், இங்கே கணினியிடம் மாட்டிக்கொண்டேன். ஆதார் மையத்துக்கு மூன்று நடை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், எனவே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே கைரேகை வையுங்கள். இன்னும் பணியில் இருக்கும் தம்பிகள் இதை இப்போதே முடித்துவிடுங்கள், பி.காமையும் அங்கிருந்தபடியே தொடங்கிவிடுங்கள். நான் மூன்று வருடத்தை வீணாக்கியது இந்த இடத்தில்தான்.

ஃபவுண்டேஷன் நான்கு தாள்களையும் ஒரே முறையில் தேறினேன். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். என்னை மிரட்டியது கணிதத் தாள் மட்டும்.

இதற்கிடையில் பாயின் ஸ்டோரில் பத்து நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு சரக்கின் வரவு, செலவு, இருப்பைக் குறிக்கும் ‘பின் கார்டு’ (bin card) போட்டேன். காலாவதியான ரசாயன டிரம்கள் பின்சுவர் ஓரமாக வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் பிரிக்காமலே கிடந்த அதே ரசாயனத்தை அவர் மறுபடி வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கூலியாகக் காசோலை தந்தார். இனிஷியல் இல்லாமல் எழுதியிருந்தார். வாசல்படி இறங்கும் முன்பே திரும்பப் போய் மாற்றி எழுதி வாங்கிக்கொண்டேன்.