கிளட்ச் மிதித்த கால்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வாரத்தில் ஐந்து நாள் டாடா ஏஸில் சரக்கோடு ஏறி இறங்குகிறவன் நான். அதனால் இடது முட்டி வீங்கியபோது, கிளட்ச் மிதிக்கிற கால்தானே என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் மடக்க முடியவில்லை. தொட்டால் சூடு.

அம்மா முடவாட்டுக்கிழங்கு சூப் வைத்துக் கொடுத்தார். ருசியாகத்தான் இருந்தது, வீக்கம் அசையவில்லை. ஒரு கிளினிக்கில் கவுட் வாதமா என்று யூரிக் ஆசிட் பார்த்தார்கள், நார்மல். முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். சிக்குன்குனியாவாக இருக்கும் என்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சலே வரவில்லை.

அப்புறம்தான் சேலத்தில் ஒரு மூட்டு வாத டாக்டரம்மாவைப் பார்த்தேன். முட்டியைத் தொடும் முன்பே கேட்டார்: "போன மாசம் வயித்தால போச்சாங்க?" முட்டிக்கு வந்தவனிடம் இதென்ன கேள்வி? ஆனால் போயிருந்தது. மலையில் திருவிழாவன்று சாப்பிட்ட பிரியாணி, மூன்று நாள் பேதி. "கண்ணு சிவந்துச்சா?" அதுவும்தான். மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விட்டிருந்தேன். வயிற்றுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர். ஒருவரிடமும் மற்றதை நான் சொல்லவில்லை.

முட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்தார். மஞ்சளாக, கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கலாக வந்தது. கிருமி இருக்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. "குடல்ல வந்த கிருமியை அடிக்கக் கிளம்புன எதிர்ப்பு சக்தி, அது போன பிறகும் அடங்காம மூட்டுல வந்து நிக்குது, கண்ணு சிவந்ததும் அதோட சேர்ந்ததுதான்" என்றார். ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரிக் கிருமிகள் வந்துபோன பின், பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் தலைகாட்டுமாம். ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்று வந்தது. அந்த மரபணு இருக்கிற எல்லோருக்கும் வராது, இருந்தால் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். அதே பிரியாணி, அதே பேதி, என் தம்பி மட்டும் ஜம்மென்று பைக் ஓட்டுகிறான்.

ஆன்டிபயாடிக் கேட்டேன். குடல் கிருமி போய்விட்டது, இனி அதனால் முட்டிக்குப் பலனில்லை என்றார். சாப்பாட்டுக்குப் பின் வலிக்கும் வீக்கத்துக்கும் நாப்ராக்சன், கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரை, ஐஸ் ஒத்தடம். மூன்றாம் மாதமும் வீக்கம் விடாததால், மூட்டு அழற்சியை அடக்குகிற சல்ஃபாசலசின் மாத்திரையும் சேர்த்தார். அதற்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு.

ஆறாம் மாதம் வண்டியை எடுத்தேன். முட்டி இப்போது மடங்குகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகால் மட்டும் இன்னும் சுள்ளென்கிறது, பத்தடி நடந்தால் விட்டுவிடுகிறது.