லீவு நாளில் விசில்

ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு பிரான்மலைக்குப் போய்விட்டு வந்தேன். இன்று புதன். மாடிப்படியில் இன்னும் பக்கவாட்டில், நண்டு மாதிரிதான் இறங்குகிறேன்.

கோடை முகாமுக்குக் கூப்பிட்டபோது பிள்ளைகளுக்குப் பனையோலைக் கொட்டான் முடையச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்கள். போன பிறகுதான் தெரிந்தது, பிள்ளைகளை எண்ணுவதுதான் வேலை, கொட்டான் இடைவேளையில். மொத்தம் 42 பேர். பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, குழாயடியில், சாப்பாட்டுப் பந்தியில் எல்லாம் எண்ண வேண்டும். கழுத்தில் ஒரு விசில் வேறு. ராத்திரி தூக்கத்தில் "41!" என்று அலறினேனாம். அப்பத்தா எழுந்து வந்து திருநீறு பூசிவிட்டாள்.

முதல் ஞாயிறு தூக்கத்தில் போனது. அடுத்தது குன்றக்குடி. முருகன் கோபிக்கக்கூடாது, பரீட்சை, புது பைக் என்று எதற்கெடுத்தாலும் ஏறி இறங்குகிற இடத்தை மலை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத காடும் பாறையும் வேண்டும் என்று மூன்றாவது ஞாயிறு சிங்கம்புணரி தாண்டிப் பிரான்மலைக்குப் போனோம்.

ரெண்டு பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்றுதான் அப்பத்தாவிடம் சொன்னேன். தூக்கு நிறையப் புளியோதரை, ஒரு டப்பா சீயம், வெள்ளைப் பணியாரம், அதற்கு வரமிளகாய்ச் சட்னி, கைமுறுக்கு. "மலை ஏறப் போறோமா, பொண்ணு வீட்டுச் சாமான் பரப்பப் போறோமா அப்பத்தா?" என்றான் மச்சான். பதில் சொல்லாமல் ஒரு பை மாவுருண்டையும் சேர்த்துக் கட்டினாள். அவன் கேட்டதற்குத் தண்டனை, நான் சுமந்தேன்.

அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். பாதாளம், பூலோகம், கயிலாயம் என்று மூன்று அடுக்குச் சன்னதி. கயிலாயம் வரை வந்தாச்சு, இதற்கு மேல் மனுஷன் எங்கே போவது என்று மச்சான் அங்கேயே முடிக்கப் பார்த்தான். நான் விடவில்லை. மலை 2000 அடிக்கு மேல். அக்னி நட்சத்திரம் வேறு. எட்டு மணிக்கே பாறை தோசைக்கல்லாகிவிட்டது.

பாதி வழியில் அவன் உட்கார்ந்தேவிட்டான். "மாப்பிள, இது பாரியோட பறம்பு. மூவேந்தரும் படையோட வந்து சுத்தி வளைச்சுட்டுக் கீழேயேதான் உட்கார்ந்திருந்தாங்க. அவங்களே ஏறலை, நமக்கென்ன?"

"தண்ணி குடிச்சாச்சா? பாட்டிலை மூடு. வரிசையில வா" என்றேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு தூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. கை தானாக விசிலுக்குப் போக, முகாமில் ஊதுகிற அதே நீள ஊதல். குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மச்சான் சொன்னான், "விடு மாப்பிள, முந்நூறு ஊரையும் கேட்டவங்களுக்குக் கொடுத்தவன் மலையில வந்து புளியோதரைக்கு அழாதே." ஆனால் மேலே ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து, கையைக் கட்டியபடி ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார், நான் ஒண்ணும் பண்ணலை சார்."

முகாமில் 42-ஐ எப்போதும் 41 ஆக்குகிறவன் அவன்தான். ஆயா வீடு அடிவாரத்தில் இருக்கிறதாம், உச்சியில் இருக்கிற தர்காவுக்குப் போகிறவர்கள் பின்னாலேயே தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எந்தப் பாறையில் வழுக்கும், எந்த மரத்தடியில் காற்று வரும், குரங்குக்கு முன்னால் ஏன் பல்லைக் காட்டக்கூடாது, எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். நான் எடுக்கிற பாடம் ஒன்றில்கூட ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததில்லை. உச்சியில் தர்கா நிழலில் உட்கார்ந்து, வற்றிக்கிடந்த கண்மாய் ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிக்கொண்டே ஒன்பது பணியாரம் தின்றான். மச்சான் அந்தப் பக்கம் கையை நீட்டி நம் வீட்டு மாடி தெரிகிறது என்றான். தெரியவில்லை.

இறங்கும்போது, "விசிலை என்கிட்ட குடுங்க சார்" என்று வாங்கி மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, விரலை நீட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினான்.

"இருக்கிறதே ரெண்டு பேர், எதுக்குடா எண்ணுறே?"

"மாமா உட்கார்ந்துட்டா?"

மச்சான் இரண்டு தடவை உட்கார்ந்திருந்தான். இரண்டு தடவையும் பையன்தான் ஊதி எழுப்பிக் கூட்டிவந்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸடியில் எண்ணினேன். 41. வேப்பமரத்துக்குப் பின்னால் அவன் சட்டை தெரிந்தது. ஊதலாம் என்று கழுத்தைத் தடவினேன். விசில் அவனிடம் இருக்கிறது.