மேசை மேல் ஒரு விமானப்படை
1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஒட்டி முடித்த பிரிட்டிஷ் போர் விமான மாதிரிகளை நேற்று வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். 1936-ல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை முனைக்கு முனை 15.6 செ.மீ., இன்றைய டைஃபூனுக்கு 15.2 தான், ஆனால் நீளத்தில் டைஃபூன் ஒன்பதரை செ.மீ. கூடுதல்! சாப்வித் கேமலைத் தொடவே பயம், மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே நூல் இழுத்துக் கட்டுவதற்குள் கண் போய்விடும். எனக்குப் பிடித்தது லைட்னிங். இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதால் உடம்பு ஒடுங்கி, உயர்ந்து நிற்கும், வேகமோ ஒலியைப்போல் இரண்டு மடங்கு. 1944-ல் படையில் சேர்ந்த முதல் பிரிட்டிஷ் ஜெட் போர் விமானம் மீட்டியோர்தான் மானத்தை வாங்குகிறது. மூக்குக்குள் எடை வைக்க மறந்து ஒட்டிவிட்டேன், வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டது. சரி, முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு சொட்டு பசை வைத்திருக்கிறேன், பார்ப்போம்.